வாராவாரம் ஆள் மாறும் குழுவில் கதைக் கேம்பைன்: எப்படி நடத்துகிறீர்கள்?

கூடாரம்28

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில், ஒரு சமூகக் கூடத்தில், வியாழக்கிழமை மாலைகளில் விளையாடுகிற சிறு குழு எங்களுடையது. பெரும்பாலும் வார்ஹாம்மர் 40,000, அதாவது எதிர்காலப் போரைச் சிறு உருவங்களால் (மினி) மேஜையில் ஆடும் ஆட்டம். இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு கதைக் கேம்பைன், அதாவது ஒரே கதையில் தொடர்ந்து வரும் ஆட்டங்களின் வரிசை, தொடங்குகிறோம், நடத்தும் பொறுப்பு என்னிடம். அதன் அமைப்பை இங்கே வைக்கிறேன். குறை தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

முதலில் எங்கள் ஆட்களைப் பற்றி. இருவர் மருத்துவமனையில் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை. கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சை வந்தால் கண்ணிலேயே படமாட்டார்கள். எந்த வியாழனில் யார் வருவார் என்பது அன்று சாயங்காலம் வரை தெரியாது. ஆளுக்கொரு நிலப்பகுதி பிரித்துக் கொடுக்கிற வழக்கமான வரைபடக் கேம்பைன் இங்கே நிற்காது. வரைபடத்தின் நடுவில் இருக்கிறவர் சில வாரம் வராவிட்டால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் முடங்கிப்போவார்கள். அவர் நிலத்தைச் சண்டையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றால், திரும்பி வரும்போது அவருக்கு ஆட ஒன்றும் மிஞ்சாது. பிறகு அவர் வரவே மாட்டார்.

அதனால் நிலம் எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லை என்று வைத்துவிட்டேன். கருமேடு என்று ஒரு சுரங்கக் கோள். மழை கிடையாது, குடிநீர் முழுக்க ஆழத்திலிருந்து ஏற்றுவதுதான், அதற்கு ஏழு நீரேற்று நிலையங்கள். மூன்று தரப்பு: கோளைக் காக்கிறவர்கள், பறிக்க வந்தவர்கள், இந்த இரண்டிலும் சேராமல் தங்கள் சொந்தக் காரியத்துக்கு வந்தவர்கள். ஆட்டத்தின் படைகளில் இம்பீரியல் கார்டும் ஸ்பேஸ் மரீனும் முதல் தரப்பு, ஆர்க்கும் கேயாஸும் இரண்டாவது, எல்டாரும் நெக்ரானும் மூன்றாவது. நிலையங்கள் தரப்பின் கையில் இருக்கும். வாரத்துக்கு ஒரு நெருக்கடி அறிவிப்பேன். உதாரணமாக, மூன்றாம் நிலையத்துக்கு உதிரிபாகம் ஏற்றிப்போகும் வண்டித்தொடர் கணவாயில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அன்று வந்த யார் வேண்டுமானாலும் அதை ஆடலாம். இருவர் வந்தால் ஒரு டேபிள். எட்டுப் பேர் வந்தால் நான்கு டேபிள், ஒரே கணவாயின் நான்கு பகுதிகள். யாருமே வராவிட்டால் நான் பகடை உருட்டி வண்டிகளுக்கு என்ன ஆனது என்று எழுதிவிடுவேன். அடுத்த வாரம் கதை அங்கிருந்து போகும்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். ஆட்டத்தின் விளைவு கோளின் மேல் விழ வேண்டும், ஆடியவரின் படைபலத்தின் மேல் விழக் கூடாது. பாலம் தகர்ந்தால் அடுத்த வாரம் டேபிளில் பாலம் இருக்காது, ஆற்றைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் பாலத்தைத் தகர்த்தவருக்குக் கூடுதல் பீரங்கி கிடையாது. இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும்.

லெமன்ரஸ்

சென்னையிலிருந்து எழுதறேன். அமைப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. கடைசிப் பத்தியை மட்டும் ஒத்துக்க முடியலை.

40,000-ல கதை ஆட்டத்துக்குன்னே இருக்கற குரூசேட் விதிகளோட உயிரே படை வளர்றதுதானே? 2023-ல வந்த பத்தாம் பதிப்பையே எடுத்துக்குங்க. படையோட மொத்த மதிப்புக்கு 1000 பாயிண்ட் வரம்பு, படையை வளர்க்கச் செலவழிக்க கையில 5 ரெக்விசிஷன் பாயிண்ட், இதுதான் தொடக்கம். ஜெயிச்சாலும் தோத்தாலும் ஆட்டத்துக்கு ஒரு ரெக்விசிஷன். கலந்துக்கிட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் (ஒரு சிப்பாய்க் குழு, இல்லேன்னா ஒரு வண்டி) ஒரு அனுபவப் புள்ளி. நாம தேர்ந்தெடுக்கற ஒரே ஒரு யூனிட்டுக்கு அதுக்கு மேல மூணு. ஆறு சேர்ந்தா முதல் படி ஏறும், பேட்டில் ஆனர்ங்கற கூடுதல் திறமை கிடைக்கும். ஆட்டத்துல அழிஞ்ச யூனிட்டுக்கு முடிவுல டைஸ் போடறோம். 1 விழுந்தா, வாங்கின ஆனர் ஒண்ணை விடணும், அல்லது யூனிட்டைப் பலவீனமாக்கற ஒரு தழும்பை ஏத்துக்கணும்.

என்கிட்ட ஒரு டாங்க் இருக்கு. வாங்கினப்போ வெறும் ஒரு வரி, லிஸ்ட்ல. தொடர்ச்சியா ஆடினதுல அது பலமுறை கடைசி உயிரோட தப்பிச்சு வந்துச்சு, இப்போ அதுக்குப் பேர் இருக்கு, ஓட்டுநருக்குப் பேர் இருக்கு. மேஜையில எடுத்து வெச்சதும் எதிராளிக்கே முகம் மாறும். இந்த வளர்ச்சியை எடுத்துட்டீங்கன்னா, கோளுக்கு என்ன ஆனா எனக்கென்ன? நான் அடுத்த வாரம் எதுக்கு வரணும்?

இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் சம பாயிண்ட் இருக்கணும். கதைக்காகன்னு சொல்லி 700-க்கு எதிரா 1000 வைக்கறதெல்லாம் கேட்க நல்லா இருக்கும், ஆடறப்போ மனசு ஒடிஞ்சிடும்.

வடமராட்சியான்

தம்பி சொல்லுறதில நியாயம் இருக்கு. ஆனா வளர்ச்சியை அப்பிடியே விட்டால் என்ன நடக்கும் எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

நான் ஸ்காபரோவில இருக்கிறன். இடிஞ்ச நகரமொண்டில சின்னக் கூட்டங்கள் மோதுற மோர்ட்ஹைம் விளையாட்டை, அது 1999இல வந்த காலத்திலயிருந்து விளையாடுறனான். அதில ஒரு நுணுக்கம் இருக்கு, கன பேர் கவனிக்கிறேல்லை. சண்டை முடிய, இடிபாட்டுக்கை தேடி எடுத்த விர்ட்ஸ்டோன் எண்ட மாயக் கல்லை வித்துத்தான் காசு. ஒரே அளவு கல்லை வித்தாலும் பெரிய கூட்டம் வைச்சிருக்கிறவருக்குக் கையில மிஞ்சிற காசு குறைவு. அவ்வளவு ஆக்களுக்கும் அவர் செலவழிக்க வேணுமெல்லே. சின்னக் கூட்டத்துக்கு அதே கல்லுக்குக் கூட மிஞ்சும். அதோட, தன்னை விடப் பலமான கூட்டத்தோட மோதுறவருக்கு மேலதிக அனுபவப் புள்ளி. பின்னுக்கு நிக்கிறவரைத் தூக்கிவிடுற வேலையை விதியே செய்யுது, நடத்துறவர் ஒண்டும் செய்யத் தேவையில்லை.

அப்பிடி இருந்தும் எங்கட குழுவில ஒரு கேம்பைன் நடுவழியில நிண்டு போச்சு. ஒருத்தற்ர கூட்டத்தில நாலைஞ்சு வீரர் மிச்சப் பேரால தொட ஏலாத அளவுக்கு வளர்ந்திட்டினம். அவரோட சோடி விழுந்தால் ஆக்கள் சாட்டுச் சொல்லி வராமல் விட்டினம். அவர் நல்ல மனுசன், விதிப்படிதான் விளையாடினவர். பிழை அவரில இல்லை.

அதுக்குப் பிறகு நாங்கள் செய்யிறது இதுதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல வளர்ந்த வீரனைச் சண்டையிலயிருந்து எடுத்துக் கதைக்குள்ள விடுறம். அவன் ஊர்க்காவல் தலைவன் ஆவான், இல்லாட்டி ஆயுத வியாபாரி ஆவான். அவனை வளர்த்த ஆள்தான் அவனுக்காகக் கதைக்கவும் முடிவெடுக்கவும் வேணும். ஒருக்கா அப்பிடி ஓய்வெடுத்த ஒருத்தன்ர கடையைக் காப்பாத்திறதுக்கெண்டே மூண்டு பேர் சேர்ந்து ஒரு சண்டை பிடிச்சவை. அந்த இரவு நடந்த மாதிரி ஒரு விளையாட்டை நான் பிறகு காணேல்லை.

தூரிகைக்காரன்

தழும்பைத் தாளில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள், மினியின் மேல் பூசுங்கள். டாங்க் பக்கவாட்டில் அடி வாங்கினால் அந்த இடத்தில் ஸ்பாஞ்சால் அடர்பழுப்பை ஒற்றி, நடுவில் மட்டும் உலோக நிறத்தைத் தொட்டு வையுங்கள். பெயிண்ட் பெயர்ந்த இரும்பு வந்துவிடும். கைவிடப்பட்ட நிலையத்திலிருந்து மீண்டு வந்த சிப்பாய்களுக்கு முழங்கால் வரை அந்த ஊர் மண் நிறம். 28 மில்லிமீட்டர் உருவத்தில் இதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. படை வளர்ந்தது பார்த்தவுடன் தெரியும், ஒரு பாயிண்ட் கூட ஏறாது.

சென்னைக்காரருக்கு ஒரு வார்த்தை: ஈரக்காற்று அடிக்கிற நாளில் ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டாம், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பாட்டிலில் வருகிற பிரைமரைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள்.

கூடாரம்28

மூவருக்கும் நன்றி. லெமன்ரஸ், உங்கள் டாங்க்கின் பெயரைப் பிடுங்க எனக்கு மனமில்லை. அந்த ஈடுபாடு இல்லாமல் கேம்பைனே இல்லை. வளர்ச்சியைப் பக்கவாட்டில் திருப்ப முடியுமா என்றுதான் யோசிக்கிறேன். பேட்டில் ஆனர் வாங்கிய யூனிட் இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்று இல்லை. கணவாயில் சண்டையிட்ட யூனிட், அடுத்த முறை கணவாய் டேபிளில் ஆட்டம் தொடங்கும் முன் இடம் மாறி நிற்கலாம். நீரேற்று நிலையத்தைக் காத்தவர்களுக்கு அந்த நிலையத்துத் தொழிலாளர்கள் ஒரு முறை கதவு திறந்துவிடுவார்கள். பலன் உண்டு, ஆனால் அந்த ஊரில்தான் உண்டு. வராமல் போனவர் திரும்பி வரும்போது கதையில் கொஞ்சம் பின்தங்கியிருப்பார், டேபிளில் நசுங்க மாட்டார்.

சம பாயிண்ட் பற்றி நான் மாறுபடுகிறேன். ஒத்திகையாக ஒரு ஆட்டம் வைத்தோம். இம்பீரியல் கார்டு ஒரு நிலையத்தில் மாட்டிக்கொண்டது, எதிரே இரண்டு மடங்கு ஆர்க். காப்பவர் ஜெயிக்க நிலையத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் சுற்று முடியும் வரை ஒரே ஒரு சிப்பாயாவது கட்டுப்பாட்டு அறைக்குள் உயிரோடு இருந்தால் போதும், அதற்குள் ஊர் மக்கள் சுரங்கப்பாதை வழியாக வெளியேறிவிடுவார்கள். கடைசியில் ஒரு வாக்ஸ் ஆபரேட்டர் (தகவல் தொடர்புச் சிப்பாய்) மட்டும் மிஞ்சினான். கூடத்தில் இருந்த எல்லோரும் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். படை சமமாக இல்லை. ஆனால் ஜெயிக்கிற வாய்ப்பு இரண்டு பக்கமும் இருந்தது. சமன் செய்ய வேண்டியது இலக்கைத்தான் என்பது என் கருத்து.

நெய்தல்வாசி

சிங்கப்பூர். நான் டோர்னமெண்ட் ஆடுகிறவன், அதனால் என் சந்தேகம் வேறு. கதவு யார் திறப்பார், ஊர் மக்கள் எப்போது வெளியேறுவார், எல்லாம் நடத்துகிறவர் கையில். நான் மூன்று மணி நேரம் தூரம் அளந்து, கணக்குப் போட்டு ஆடி முடித்த பிறகு, கதைக்கு இதுதான் பொருத்தம் என்று நீங்கள் வேறு முடிவு எழுதினால் நான் ஆடியதற்கு என்ன மதிப்பு? விதி எழுதப்பட்டிருந்தால் நண்பனிடமும் அந்நியனிடமும் ஒரே மாதிரி ஆடலாம். நடுவரை நம்பி ஆடுவதென்றால், அந்த நடுவர் நாளைக்கு ஊர் மாறிப்போனால் என்ன செய்வது?

நிலவரைபடம்

நெய்தல்வாசி கேட்டது ஏறக்குறைய 150 வருடத்துக்கு முன் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் சண்டை போட்டுக்கொண்ட அதே கேள்வி. எனக்கு மிகப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர், நிலத்தைத் துண்டு துண்டாக மாற்றி அடுக்கக்கூடிய ஒரு போர் மேஜையைச் செய்து அரசருக்குக் கொடுத்தார். அவர் மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824-இல் அதை 1:8000 அளவு நில வரைபடத்தின் மேல் ஆடும் க்ரீக்ஸ்பீல் (போர் ஆட்டம்) ஆக மாற்றினார். ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் ம்யூஃப்லிங் பார்த்து வியந்து ராணுவம் முழுவதற்கும் பரிந்துரைத்தார். அதில் ஆடுகிறவர்கள் காய்களை நகர்த்துவதில்லை. உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, விளைவைச் சொல்வார். எதிரியின் துருப்பு உண்மையில் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்துக்கு வந்தால்தான் வரைபடத்தில் வைப்பார். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்கும் பதற்றம் அதில் அப்படியே இருந்தது.

ஆனால் அட்டவணைகள் பெருகி, நடுவராக உட்காரவே ஆள் கிடைக்காத அளவுக்கு வேலை கூடிவிட்டது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். கட்டற்ற க்ரீக்ஸ்பீல் என்று அதற்குப் பெயர் வந்தது. ஆட்டம் வேகமானது. கூடவே நீங்கள் சொல்கிற அதே புகாரும் வந்தது, நடுவரின் விருப்பு வெறுப்புதான் விதியா என்று.

இந்தச் சரடு அங்கே அறுந்துவிடவில்லை. அமெரிக்க அதிகாரி டாட்டன் 1880-இல் வெளியிட்ட ஸ்ட்ராடிகோஸ் விதிகளை, 1960-களில் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தேடிப் படித்தார். ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடக்குமா என்பதை நடுவர் முடிவு செய்வார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969-இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைத் தளபதிகளோடு அந்த ஊர்வாசிகளின் பாத்திரங்களையும் நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்கள் படை மோதும் வரை காத்திருக்கவில்லை, தங்களுக்குள் ரகசியப் பேச்சு, பேரம், சவால் என்று இறங்கிவிட்டார்கள். ஆட்டம் கைநழுவிப் போய்விட்டதென்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னெசன்தான் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்.

வார்ஹாம்மர் 40,000-ம் இதற்கு வெளியே இல்லை. 1987-இல் வந்த முதல் பதிப்பு, மூன்றாவதாக ஒருவர் நடுவராக இருந்து ஆட்டத்தை நடத்துவார் என்று எதிர்பார்த்தது. அதில் இருந்த பண்ணைச் சண்டை காட்சி ஆர்க்குகளுக்கும் ஸ்பேஸ் மரீன்களில் ஒரு பிரிவான கிரிம்சன் ஃபிஸ்ட் வீரர்களுக்கும் இடையில், மறைவான விவரங்கள் நடுவர் கையில். இருவர் மட்டும் சம பாயிண்ட்டோடு உட்காரும் பழக்கம் பின்னால் ஊன்றியது.

நெய்தல்வாசிக்கு என் பதில்: நடுவர் தீர்ப்பு சொல்லட்டும், ஆனால் பகடை உருளும் முன்பே சொல்லட்டும். ஆட்டம் தொடங்கும் முன், இந்தப் பக்கம் ஜெயித்தால் கோளில் இது நடக்கும், அந்தப் பக்கம் ஜெயித்தால் அது நடக்கும், கால் பங்கு மட்டும் சாதித்தால் இன்னது என்று எழுதி டேபிளின் மேல் வைத்துவிட வேண்டும். பிறகு யாரும், நடுவர் உட்பட, அதை மாற்றக் கூடாது. நடுவர் ஆடவும் கூடாது. ஊர் மாறிப்போனாலும் அந்தத் தாள்களை வைத்து அடுத்தவர் தொடரலாம்.

நெய்தல்வாசி

முன்கூட்டியே எழுதி வைப்பது எனக்குச் சம்மதம். அப்படி இருந்தால் இந்த ஆட்டத்தில் எதற்காக உயிரைக் கொடுக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். சம பாயிண்ட் விஷயத்தில் நான் லெமன்ரஸ் பக்கம்தான்.

முதல்அடி

வணக்கம், கோயம்புத்தூரிலிருந்து. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருக்கேனுங்க. என்கிட்ட ஒரு மினி கூட இல்லைங்க. வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா சுங்கவரி சேர்ந்து கட்டுப்படி ஆகறதில்லை, இங்க கூட ஆட ஆளும் இல்லை. ஆனா இந்தக் கருமேடு கதை மனசுல உட்கார்ந்துடுச்சு. நிலவரைபடம் அண்ணா சொன்ன மாதிரி உத்தரவு எழுதி அனுப்பி ஆட முடியும்னா, என்னை மாதிரி ஆளும் சேரலாமுங்களா?

கூடாரம்28

தாராளமாகச் சேரலாம். உங்கள் கேள்வியால் கேம்பைனுக்கு ஒரு புது அடுக்கே கிடைத்துவிட்டது.

இதற்கு முன்னோடி இருக்கிறது. இங்கிலாந்தில் டோனி பாத் என்பவர் 1950-களில் தொடங்கி நீண்ட காலம் நடத்திய ஹைபோரியா கேம்பைன். அரசர்கள், மந்திரிகள், தளபதிகள் எல்லோரையும் அவரே உருவாக்கி, ஒவ்வொருவரின் குணத்தையும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு எடுத்துத் தீர்மானித்தார். விசுவாசி யார், பேராசைக்காரர் யார் என்பது சீட்டிலிருந்து வரும். தூரத்தில் இருந்த நண்பர்கள் கடிதம் வழியாக அரசர்களாக இருந்தார்கள். பெரிய மோதல் வந்தால்தான் டேபிளில் மினிகள் இறங்கும்.

எங்கள் ஏழு நிலையங்களுக்கும் ஒரு நிர்வாகி வேண்டும். மினி இல்லாதவர்கள், ஊர் தள்ளி இருப்பவர்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு கடிதம், அரைப் பக்கம் போதும்: இந்த வாரம் தண்ணீரை யாருக்குத் திறக்கிறீர்கள், யாரிடம் காவல் கேட்கிறீர்கள், எதை மறைக்கிறீர்கள். வியாழக்கிழமை நெருக்கடி அந்தக் கடிதங்களிலிருந்துதான் பிறக்கும். ஆட்டம் முடிந்த பிறகு உங்கள் சாரணர்களுக்குத் தெரியக்கூடியதை மட்டும் உங்களுக்கு எழுதுவேன். மற்றதை நீங்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல்அடி

ஐந்தாம் நிலையம் எனக்கு வேணுமுங்க. நிர்வாகி ஒரு வயசான பொறியாளர் அம்மா. தண்ணி கணக்குல பாதியை யாருக்கும் காட்டாம வெச்சிருக்காங்க. ஏன்னு இங்க சொல்ல மாட்டேன்.

வடமராட்சியான்

பாருங்கோ, இதுக்குள்ளையே கதை துவங்கியிட்டுது!

லெமன்ரஸ்

ஒரு விதி சேர்த்துக்குங்க: பின்வாங்கல். செயின் ஆஃப் கமாண்ட்ங்கற இரண்டாம் உலகப்போர் ஆட்டத்துல ஆடறப்போ கத்துக்கிட்டது. அங்க கேம்பைன்ல விழுந்த ஆட்கள்ல கொஞ்சம் பேர் உடனே திரும்புவாங்க, கொஞ்சம் பேர் அடுத்த ஆட்டத்துக்கு வர மாட்டாங்க, மீதிப் பேர் போனவங்க போனவங்கதான். அதனால தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் பிளட்டூனைக் காப்பாத்தி வெளியே எடுக்கறது ஒரு கெட்டிக்காரத்தனம். கடைசி ஆள் வரைக்கும் சாகடிச்சா ஆட்களுக்கே உங்க மேல மதிப்புக் குறையும், அதுக்கும் கணக்கு இருக்கு. 40,000-ல யாரும் பின்வாங்கறதே இல்லை. கடைசி மினி எடுக்கற வரைக்கும் நின்னு ஆடறோம், ஏன்னா அடுத்த வாரம் எல்லாரும் புதுசா நிப்பாங்க.

மூணாம் சுற்றுக்கு அப்புறம் யார் வேணும்னாலும் வெளியேறலாம், வெளியேறின யூனிட்டுக்குத் தழும்பு டைஸ் கிடையாதுன்னு வைங்க. அப்படி வெச்சா சமமில்லாத பாயிண்ட்டுக்கும் நான் ஒத்துக்கறேன். தப்பிக்க வழி இருக்குன்னா 700-ஓட போய் நிக்கத் தயார்.

கூடாரம்28

எடுத்துக்கொண்டேன், அப்படியே. பின்வாங்கும் தரப்பு எந்த டேபிள் ஓரம் வழியாக வெளியேறுகிறதோ, அடுத்த நெருக்கடி அந்தத் திசையில் நடக்கும் என்பதையும் சேர்க்கிறேன். துரத்துவதா, பிடித்ததைப் பலப்படுத்துவதா என்று ஜெயித்தவர் முடிவெடுக்கட்டும்.

வடமராட்சியான் அண்ணா சொன்ன ஓய்வும் உள்ளே வருகிறது. மூன்றாவது படியைத் தொட்ட யூனிட் அல்லது தளபதி, ஒரு நிலையத்தில் நிரந்தரக் காவலாகக் குடியேறலாம். அந்த இடத்துக்கு யார் சண்டைக்கு வந்தாலும் உரிமையாளர் அந்த மினியைக் கொண்டுவந்து வைக்கலாம், அவர் வராத நாளில் வேறு யாராவது அவருக்காக ஆடலாம்.

முடிவு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய கவலை. கதைக் கேம்பைன்கள் பெரும்பாலும் முடிவதில்லை, ஆள் குறைந்து குறைந்து ஒரு நாள் பேச்சே நின்றுவிடும். அதனால் கடைசி ஆட்டத்தின் தேதியை இப்போதே குறித்துவிட்டோம்: மார்ச் மாதக் கடைசி வியாழன். அன்று யார் எத்தனை நிலையம் வைத்திருந்தாலும் நிலத்தடி நீர் வற்றத் தொடங்கும், எல்லாத் தரப்பும் ஒரே பெரிய டேபிளில். இடையில் ஒரே ஒரு வாரம் வந்தவருக்கும் அன்று ஒரு இடம் உண்டு. அவர் காத்த பாலமோ எரித்த கிடங்கோ அந்த டேபிளில் இருக்கும், தூரிகைக்காரர் சொன்னபடி கரியோடும் சேற்றோடும் டெரெயின் (டேபிளில் வைக்கும் நில அமைப்பு) செய்ய இரண்டு பேர் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள்.

இரண்டாம் நிலையத்துக்கும் ஏழாம் நிலையத்துக்கும் இன்னும் நிர்வாகி இல்லை. விருப்பமுள்ளவர்கள் தனிமடலில் எழுதுங்கள். முதல் நெருக்கடியை நாளை இரவு இங்கே போடுகிறேன்.

நெய்தல்வாசி

ஏழு எனக்கு.